சென்யோராவின் காலஞ்சென்ற கணவர்

லிஃப்டின் பின்பக்கத் தகட்டில் கடைசித் திருகாணி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. லிஃப்ட்காரர் முட்டிபோட்டு, திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் சாய்த்தார். இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பொருத்தியவரே அவர்தான். எழுந்து நடக்க முடியாதவர்களைப் படுத்தபடியே இறக்குவதற்காக, பின்சுவருக்கு அப்பால் கால் நீட்டும் அளவுக்கு ஓர் இடம் அப்போதே விட்டிருந்தார்கள். அதற்கு ஒரு கதவும் பூட்டும் இருந்தன. சாவி எந்தச் செக்ரட்டரி காலத்தில் தொலைந்ததோ, யாரோ ஒரு புண்ணியவான் திருகாணிகளை முடுக்கி, மேலே பெயின்ட்டும் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆறாவது மாடியில், ஹாலில், அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். முந்தாநாள் சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலை என்னவோ செய்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். டாக்டர் சொன்னபோது இவர் தலையாட்டிக்கொண்டு நின்றார், ஏதோ மோட்டார் பழுதைப் பற்றிக் கேட்பவர் மாதிரி.

காலையில் அமரர் ஊர்தி வண்டிக்காரர் வந்து படிக்கட்டையும் லிஃப்டையும் அளந்து பார்த்தார். "படி திருப்பம் ரொம்பக் குறுகல் சார். லிஃப்ட்ல சாய்ச்சு நிக்க வச்சு இறக்கிடலாம். எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றோம்."

"அவ என்ன ஃப்ரிட்ஜா?" என்று கேட்டுவிட்டு லிஃப்ட்காரர் உள்ளே போய்க் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மனைவியின் அக்கா தடுத்துப் பார்த்தாள். "மாப்ள, இன்னிக்கு இந்த வேலையெல்லாம் நீங்க பண்ணணுமா? உங்க கம்பெனிப் பசங்க யாரையாவது கூப்பிடுங்க." அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழ்த்தளத்தில் லிஃப்டைத் திறந்து நிறுத்தி, உள்ளே புகுந்துவிட்டார். உண்மையைச் சொன்னால், மேலே உட்கார்ந்து ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிப்பதற்கு முகம் காட்டுவதைவிட இது அவருக்குச் சுலபமாக இருந்தது.

திருகாணி ஒரு முனகலோடு அசைந்து கொடுத்த நேரத்தில் வாசலில் நிழல் ஆடியது. இளவட்டங்கள், ஏழெட்டுப் பேர். முன்னால் ஒரு சுருட்டை முடிப் பெண், கையில் வெள்ளைப் பூங்கொத்து, அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் தலை நிலைப்படியில் இடிக்கும் உயரத்தில் ஒரு பையன்.

"அண்ணா, லிஃப்ட் ரிப்பேரா?"

"இப்ப ஆயிடும். நில்லுங்க."

நெட்டையன் குனிந்து முகத்தைப் பார்த்தான். "நீங்க எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வர்றவர்தானே? போன வருஷம் நாங்க மாட்டிக்கிட்டப்ப வந்தீங்களே."

லிஃப்ட்காரருக்கு அவனை முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவர்தான் அவன் அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கியவர். மொழித்துறைக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்து, அரக்கப்பரக்க ஓடியிருந்தார். சாவி போட்டுக் கதவை விலக்கினால் உள்ளே ஒரே கும்மாளம். மாட்டிக்கொண்டோமே என்ற பயம் துளிகூட இல்லாமல் ஸ்பானிஷில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு நின்றவள் அவருடைய மனைவி. வீட்டில் ரேடியோ பாடினால்கூடக் கூடவே முணுமுணுக்காதவள்.

ஒவ்வொருத்தராக வெளியே இழுத்துவிட்டார். கடைசியாக அவள் கையை நீட்டினாள். பிடித்து ஏற்றினார். இப்போது சொல்வாள், இவர்தான் என் வீட்டுக்காரர் என்று இப்போது சொல்வாள் என்று நின்றார். அவள் அவரை ஒரு கணம் பார்த்து, "கிராஸியாஸ்" என்றாள். நன்றி. அவ்வளவுதான். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டில் கேட்டே விட்டார். "ஏன், புருஷன்னு சொன்னா கேவலமா இருக்கா? கிரீஸ் கையோட நின்னேன்னா?"

"ஐயோ, அது இல்லைங்க. அது வேற விஷயம். சொன்னா உங்களுக்குப் புரியாது."

"ஆமா, எனக்கு எங்க புரியப் போகுது. நான் என்ன ஸ்பானிஷா படிச்சேன்" என்றார். அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை, சாப்பாடு ஆச்சா, கேஸ் தீர்ந்துபோச்சு, என்ற அளவோடு நின்றுபோனது.

எரிச்சல் என்று அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார். பொறாமை என்றால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். மருந்துக்கடை கவுன்டர் வேலையிலிருந்து நின்ற கையோடு, ஐம்பது தாண்டிய வயதில், ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பு படிக்கப் போகிறேன் என்று அவள் வந்து நின்ற நாளில் தொடங்கியது அது. "உலகத்துல இத்தனை பாஷை இருக்கு, இது எதுக்கு?" என்று கேட்டதற்கு, "அந்தப் பாஷையில எனக்கு யாரையும் தெரியாது. அதான்" என்றாள். இதெல்லாம் ஒரு பதிலா? பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருக்கிறதே இரண்டு பேர். அதில் ஒருத்தி யாரையும் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும் என்றால் மற்றவனுக்கு எப்படி இருக்கும்?

அடுப்படியில் நின்று அவள் தனக்குத்தானே பேசினாள். புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தாள். என்ன என்று கேட்டால், "தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுங்க" என்பாள். இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அவள் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். இவர் இன்னும் கூட்டுவார்.

ஒருவேளை அவளுக்குப் பாடம் எடுக்கும் புரொபசர்தான் காரணமோ என்று ஒருநாள், சர்வீஸ் நாளே இல்லாத நாளில், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நோட்டம் பார்த்துவிட்டும் வந்தார். வராந்தாவில் நின்று பன் தின்றுகொண்டிருந்தார் அந்த மனுஷர். குள்ளம். ஸ்வெட்டர் பட்டன் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது. பன்னில் பாதி மீசையில் இருந்தது. இந்த ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அது தனக்குத்தான் அவமானம் என்று திரும்பிவிட்டார். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எரிச்சல் மட்டும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நான்தான்" என்றார் நெட்டையனிடம். "ஏழு பேர் ஏற வேண்டியதுல பத்துப் பேர் ஏறினா மாட்டத்தான் செய்யும்."

"சென்யோரா வீடு ஆறாவது மாடிதானே?" என்று சுருட்டை கேட்டாள். "எங்ககூடப் படிச்சவங்க. எங்களைவிடப் பெரியவங்க. நாங்க ஸ்பானிஷ்ல மரியாதையா சென்யோரான்னுதான் கூப்பிடுவோம்."

"ஆறுதான்."

"அவங்க அண்ணன் இருப்பாரா?"

லிஃப்ட்காரர் திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் மனைவிக்கு ஒரே ஒரு அக்காதான். அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. "எந்த அண்ணன்?"

"கூட இருக்கிறாரே, அவர். கொஞ்சம் முசுடாம். டிவியை அலற விடுவாராம்." சுருட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாங்க அவங்களுக்காக ஸ்பானிஷ்ல ஒண்ணு எழுதியிருக்கோம். எடுக்கறதுக்கு முன்னாடி வாசிக்கணும். அவர்கிட்ட அனுமதி கேக்கணும், பயமா இருக்கு."

"வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்களேன்."

"அவர் தவறிட்டாரே" என்றான் நெட்டையன். "ரொம்ப வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு மனுஷன் தன்னுடைய சாவுச் செய்தியை, தான் பொருத்திய லிஃப்டுக்குள் முட்டிபோட்டுக்கொண்டு கேட்கிறான் என்றால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளும் பார்க்கவில்லை. அவர் தகட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். கை திருப்புளியைத் தேடியது. கழற்ற வேண்டிய திருகாணி எதுவும் மிச்சம் இல்லை.

"யார் சொன்னது?" என்றார்.

"அவங்களேதான். எங்க வகுப்புல ஒரு வழக்கம் அண்ணா..." சுருட்டை சொல்லத் தொடங்கினாள். அழுகையிலிருந்து தப்பிக்க அவளுக்கும் ஒரு பேச்சு வேண்டியிருந்தது.

வழக்கம் இதுதான். முதல் வருஷம் பேச்சு வகுப்பில் யாரும் தன் சொந்த வாழ்க்கையைப் பேசக் கூடாது என்பது புரொபசரின் சட்டம். தெரிந்த வார்த்தையோ கையளவு. அதை வைத்துக்கொண்டு நிஜத்தைச் சொல்லப் போனால் பாதியிலேயே வார்த்தை தீர்ந்துவிடும். அதனால், தெரிந்த வார்த்தைகளுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியதைப் பட்டம் வாங்கும் வரை காப்பாற்றவும் வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. அடுத்தவர் பொய்யையும் உடைக்கக் கூடாது. நெட்டையன் காளைச் சண்டைக்காரன், இடது தொடையில் கொம்பு பாய்ந்த தழும்பு உண்டு. சுருட்டை மடத்திலிருந்து ஓடிவந்த கன்னியாஸ்திரி. இன்னொருத்தனுக்கு ஒரு கப்பலே சொந்தம்.

"எல்லாரும் வாயில வந்ததை அடிச்சு விட்டோம்" என்றான் நெட்டையன். "சென்யோரா மட்டும்தான் நிஜத்தைச் சொல்லிட்டாங்க."

"நிஜம்னு எப்படித் தெரியும்?"

"கேட்டாலே தெரியும்ணா. நாங்க சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சொன்னப்ப யாரும் சிரிக்கலை. அவர் ரொட்டிக்கடையில ராத்திரி வேலை பார்த்தவர். விடியற்காலையில சட்டையெல்லாம் மாவோட வருவாராம்."

ரொட்டிக்கடை. லிஃப்ட்காரரின் காது மடல் சூடேறியது. "அப்புறம்?"

"ரொம்ப நல்லா பாடுவாராம். ஷேவ் பண்ணும்போது பாடிக்கிட்டே பண்ணி, தாடையில வெட்டிக்குவாராம்" என்றாள் சுருட்டை. அவள் முகத்தில் ஒரு சிறிய வெளிச்சம் வந்தது. "ஆரஞ்சுப் பழத்தைத் தோல் ஒரே சுருளா வர்ற மாதிரி உரிச்சுக் குடுப்பாராம். ஒரு கல்யாண வீட்ல இவங்களை யாரோ ஏதோ சொல்லிட்டாங்கன்னு இலையில கையை வச்சவர் எந்திரிச்சு வந்துட்டாராம். நாங்க பொண்ணுங்க எல்லாம் சொல்லிக்குவோம், கட்டினா சென்யோராவோட ரொட்டிக்கடைக்காரர் மாதிரி ஒருத்தனைக் கட்டணும்னு."

"இவன் கூடச் சொல்லுவான்" என்று இன்னொரு பெண் நெட்டையனைக் காட்டினாள்.

 மூன்று வருஷமாக ஆள் தெரியாமல் அலைந்த எரிச்சலுக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டான். மாவு படிந்த சட்டை, பாட்டு, ஆரஞ்சுப் பழம். எவன் அவன்? இவர் பாட வாய் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆரஞ்சை உரித்து யாருக்கும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து எழுந்து வந்தது மட்டும் எங்கேயோ இடித்தது, ஆனால் அது ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தானே என்று தள்ளிவிட்டார். செத்த பிறகும் அவள் மனசில் உட்கார்ந்துகொண்டு வகுப்பு முழுவதற்கும் மாப்பிள்ளை ஆகிவிட்டானே அந்தப் பயல். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"கடைசி வருஷ ஆய்வுக்கு அவங்க எடுத்த தலைப்பு என்ன தெரியுமா?" என்றான் நெட்டையன். "பழைய ஸ்பானிஷ் நாடகங்கள்ல வர்ற பொறாமைக்காரப் புருஷன்கள். சந்தேகம் வந்தாப் போதும், வாளை உருவிடுவானுங்க. புரொபசர் கிண்டல் பண்ணுவார், உங்க வீட்டுக்காரர்தான் தங்கமானவராச்சே, பொறாமையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு. அதுக்கு அவங்க, ஏன், அண்ணன் இருக்காரே, பார்த்து எழுதிக்கறேன்னாங்க."

பிள்ளைகள் துக்கத்துக்கு நடுவிலும் சிரித்துவிட்டார்கள். லிஃப்ட்காரருக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. "பொறாமை வந்தா ஆம்பளைங்க முதல்ல என்னங்க பண்ணுவாங்க?" என்று அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "டீ கேப்பாங்க. போய்ப் போட்டுக் கொண்டா" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

"நீங்க சென்யோராவுக்குத் தெரிஞ்சவரா அண்ணா?" சுருட்டைக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது. வேலையாளுக்கு எதற்கு இத்தனை கேள்வி?

நான்தான் புருஷன் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண் இவரை ஏற இறங்கப் பார்ப்பாள். கிரீஸ் கறை, இரண்டு நாள் தாடி, பனியன் தெரியும் சட்டை. ரொட்டிக்கடைக்காரரை மனசில் பார்த்த கண்ணால் இதைப் பார்ப்பாள். மேலே கிடப்பவள் பொய்க்காரி ஆவாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த முகங்கள் தொங்கிப்போவதைப் பொறுக்க முடியாது என்று தோன்றியது அவருக்கு.

"நான்தான் அந்த அண்ணன்" என்றார்.

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நெட்டையன் இரண்டு அடி பின்வாங்கினான். "சாரி அங்கிள். முசுடுன்னு... அது சும்மா விளையாட்டுக்கு..."

"இருக்கட்டும். டிவி சத்தமாத்தான் வைப்பேன். ஏறுங்க. நாலு பேர் மட்டும் வாங்க. மத்தவங்க படியில வரட்டும்."

கழற்றிய தகட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. மோட்டார் மேலே எங்கேயோ பல்லைக் கடித்துக்கொண்டு உறுமியது. ஆயில் போட வேண்டும், அடுத்த வாரம் வந்து போட வேண்டும் என்று அவர் வழக்கம் போல நினைத்துக்கொண்டார்.

"இந்தச் சத்தம்தான்" என்று சுருட்டை திடீரென்று சொன்னாள். "அவர் லிஃப்ட்லயே வரமாட்டாராம்."

"யாரு?"

"சென்யோரா வீட்டுக்காரர். அப்ப அவங்க இருந்த பழைய வீட்ல, லிஃப்ட் மோட்டார் பெட்ரூம் சுவரை ஒட்டி இருந்துச்சாம். வேலை முடிஞ்சு வந்து லிஃப்ட்ல ஏறினா அவங்க முழிச்சுக்குவாங்கன்னு, எல்லா மாடியையும் படியிலயே ஏறி வருவாராம். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. ராத்திரி முழுக்க நின்னு வேலை பார்த்துட்டு."

லிஃப்ட்காரர் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

கல்யாணம் ஆன புதிது. பழுது பார்க்கும் ராத்திரி ஷிஃப்ட். எட்டாவது மாடி. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. லிஃப்ட் மெக்கானிக் படி ஏறிப் போகிறான் என்றால் கம்பெனியில் காலத்துக்கும் ஓட்டுவார்கள். அவளிடமும் சொன்னதில்லை. சொல்கிற விஷயமா அது? கதவைப் பூனை மாதிரித் திறந்து உள்ளே போனால், அவள் சுவர் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"அவ தூங்கிக்கிட்டுல்ல இருப்பா" என்றார்.  "அவளுக்கு எப்படித் தெரியும்?"

"தூங்குற மாதிரி படுத்திருப்பாங்களாம். கீழ்ப்படியில கால் வைக்கும்போதே அவர்தான்னு தெரிஞ்சுடுமாம். கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம். எழுந்து உட்கார்ந்தா, நாளையிலிருந்து படியில வர்றதை நிறுத்திடுவாரோன்னு பயமாம்." சுருட்டை கண்ணைத் துடைத்தாள். "எங்க எல்லாருக்கும் அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். முதல் வருஷமே சொன்னாங்க. அப்ப எங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையே ரொட்டி, ராத்திரி, வீடு, படி, செருப்பு அவ்வளவுதான். அதை வச்சே சொல்லிட்டாங்க."

ஆறாவது மாடி வந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை, அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றதால்.

"அங்கிள், வாசிக்கலாம்ல?" என்றான் நெட்டையன். "நாங்க அவங்களோட சேர்ந்து படிச்சதை எல்லாம் எழுதியிருக்கோம். கடைசியில, இனிமே நீங்க உங்க கணவரோட இருப்பீங்கன்னு முடிச்சிருக்கோம். தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"வாசிங்க."

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றாள் சுருட்டை. "அவர் பேர் என்ன? சென்யோரா ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. கேட்டா வெக்கப்படுவாங்க. பேர் போட்டு வாசிச்சா அவங்களுக்குப் பிடிக்கும்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அப்புறம் தன் பெயரைச் சொன்னார். தெளிவாக, ஆபீசில் சொல்வது போல, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்துச் சொன்னார். அவள் உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஹாலில் பக்கத்து வீட்டுக்காரர்களும் மருந்துக்கடைப் பெண்களும் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். புரொபசர் முன்னாலேயே வந்து ஒரு மூலையில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவளைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். சுருட்டை தொண்டையைச் செருமிக்கொண்டு, கையில் காகிதம் எதுவும் இல்லாமல், மனசிலிருந்தே சொல்லத் தொடங்கினாள்.

லிஃப்ட்காரருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மூன்று வருஷமாக அடுப்படியிலிருந்து கேட்ட அதே சத்தம்தான். அப்போதெல்லாம் டிவியைக் கூட்டி அதை அமுக்கிவிடுவார். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வேகமாக ஓடுகிற அந்தப் பேச்சுக்கு நடுவே, யாரோ தெருவில் கூப்பிட்ட மாதிரி, அவர் பெயர் வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மனைவியின் அக்கா நகர்ந்து வந்து காதருகே கேட்டாள். "என்ன மாப்ள, செத்தவ பேரை விட்டுட்டு உங்க பேரையே சொல்லுது அந்தப் பொண்ணு?"

"அது அப்படித்தான் அக்கா. அவங்க பாஷையில அது ஒரு வழக்கம்."

"என்ன வழக்கமோ. உயிரோட இருக்கிற மனுஷன் பேரை..." என்று முனகிக்கொண்டே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது முறை பெயர் வந்தபோது சுருட்டையின் குரல் உடைந்தது. அத்தோடு முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து பூ வைத்தார்கள். காளைச் சண்டைக்காரன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனைப் புரொபசர் அணைத்துக்கொண்டார், அவன் இடுப்பு உயரத்துக்கு.

வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு சார். தூக்கிடலாம். புருஷன் யாருங்க? தலைமாட்டுக்கு வாங்க."

ஹாலில் இருந்த எல்லார் கண்களும் ஒரே ஆளிடம் போயின. பிள்ளைகள் மட்டும் வண்டிக்காரரைப் பார்த்தார்கள், பாவம், விஷயம் தெரியாமல் கேட்கிறாரே என்று. லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"போங்க மாப்ள. என்ன மசமசன்னு நிக்கிறீங்க" என்று அக்கா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அவர் போய்த் தலைமாட்டில் பிடித்தார். சுருட்டை அங்கேதான் நின்றிருந்தாள். அவள் அவரைப் பார்த்தாள். அவர் நெற்றியை, கையை, கால்களைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

லிஃப்டுக்குள் அவளைப் படுத்த வாக்கிலேயே வைக்க முடிந்தது. கால்கள் பின்பக்கத்துப் பொந்துக்குள் போயின. மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஆள்தான் நிற்கலாம். "நான் போறேன், நீங்க படியில வாங்க" என்று அவர் வண்டிக்காரரிடம் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மோட்டார் உறுமியது. அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டார். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தே, ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். டிவிச் சத்தத்தைக் குறைன்னு ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"படி ஏறினது நான், சரி. பாடினது யாருடி?" என்றார். "ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தது எவன்?"

கீழ்த்தளம் வந்து கதவு திறந்துகொண்டது. வண்டிக்காரரும் ஆட்களும் மூச்சு வாங்க நின்றிருந்தார்கள்.

அவளை வண்டியில் ஏற்றி, அக்காவை முன்னால் உட்காரவைத்து, இவர் பின்பக்கம் ஏறக் கால் வைத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுருட்டை வந்தாள். ஓடி வந்திருப்பாள் போல, மேல்மூச்சு வாங்கியது. முகம் மேலே பார்த்த முகமாக இல்லை. யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது. இப்போது கேட்பாள் என்று அவர் காத்திருந்தார்.

"உங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கையால் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். "அவர் பேரைச் சரியாச் சொன்னேனா அங்கிள்?"

"சரியாத்தான் இருந்துச்சு."

வண்டிக்காரர் ஸ்டார்ட் செய்தார். லிஃப்ட்காரர் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். வண்டிச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதென்று, பக்கத்தில் வந்து, நடுவில் இருக்கும் ரகரத்தை அந்தப் பாஷைக்காரர்கள் மாதிரி நாக்கில் உருட்டி, மெதுவாகச் சொன்னாள்.